கீதாரி வந்திருக்கிறார்

தை அறுப்பு முடிந்து, மக்காச்சோளத் தட்டை மாட்டுக்குப் போய், பருத்தியில் கடைசிப் பஞ்சையும் எடுத்த பிறகு, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கொல்லைகளுக்கு ஒருவர் வந்து சேருவார். ராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ வீடு இருக்கும். வீட்டில் அவர் இருக்கமாட்டார். நானூறு, ஐநூறு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு, ஊரான் நிலத்தில் நாளுக்கொரு இடமாகப் படுத்தெழுந்து, ஆடி ஆவணி வரைக்கும் சொந்த ஊர்ப் பக்கம் தலைவைக்காத மனிதர். கையில் தொரட்டி, தலையில் துண்டு, சட்டைப்பையில் பொத்தான் போன். உள்ளூர்ப் பட்டிக்காரர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் எருவுக்காக ஆட்டை ராத்திரி கொல்லையில் அடைத்துக் கிடை போடுவதில் ஒரு கெத்து வேண்டுமென்றால் தெற்கத்தி கீதாரிதான்.

கூடாரம் போட்டுக் காட்டில் தங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அனுமதியுள்ள இடம் எது, இல்லாத இடம் எது, யார் கண்ணிலும் படாமல் எப்படிப் படுப்பது, எப்படிச் சுத்தமாக விட்டுவிட்டு வருவது என்றெல்லாம் வகுப்பே எடுக்கிறார்கள். கீதாரிக்கு அந்த வகுப்பில் உட்கார நேரமில்லை. அங்கே பாடம் எடுக்கிற தகுதி மட்டும் இருக்கிறது.

கிடை வருவதற்கு முதல்நாளே அவர் மட்டும் தனியாக, ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஊருக்குள் நுழைவார். நேரே கொல்லைக்குப் போகமாட்டார், டீக்கடைக்குப் போவார். ஒரு டீயைச் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச்செடுப்பார். இரண்டாவது டீ காலியாவதற்குள் அவருக்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். எந்த நிலம் யாரிடம் ஒத்தியில் இருக்கிறது, எந்த வரப்பில் அண்ணன் தம்பிக்கு வழக்கு, எந்த வீட்டம்மா மோர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார், எந்தப் பருத்திக்குக் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள், எந்த மோட்டார் கொட்டாயில் போனுக்குச் சார்ஜ் போடலாம். கிராம நிர்வாக அலுவலருக்குப் பட்டா எண்தான் தெரியும். அந்தப் பட்டாவுக்குப் பின்னால் உள்ள பங்காளிச் சண்டை கீதாரிக்குத் தெரியும். வழக்குள்ள வரப்பிலிருந்து பத்து முழம் தள்ளித்தான் முளைக்குச்சி அடிப்பார். நடு ராத்திரியில் அண்ணன் வந்து "யாரைக் கேட்டுப் போட்டீர்?" என்றும், விடியற்காலையில் தம்பி வந்து "அவரை ஏன் கேட்டீர்?" என்றும் கேட்டால் நிற்பது யார்?

பிறகு பேரம். இதை நின்று வேடிக்கை பார்க்கவேண்டும்.

"எத்தன உருப்படி கீதாரி?"

"ஐநூறு இருக்குமுங்க."

"பாத்தா நானூறு மாதிரிதான தெரியுது?"

"படுத்துக் கெடக்குதுகள்ல. எந்திரிச்சா ஐநூறு."

கீதாரியிடம் ஆட்டுக்கணக்கு ஒன்றல்ல, பல உண்டு. கிடைக்கூலி பேசும்போது நேற்றுப் பிறந்த குட்டியும் உருப்படிதான். வழியில் போகிற எவராவது "யப்பா, எம்மாம் ஆடு!" என்று வாயைப் பிளந்தால், கண் பட்டுவிடும் என்று முந்நூறாகக் குறைந்துவிடும். பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் கேட்டால் ஆயிரத்தைத் தொடும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவருக்கு மட்டும் உண்மைக் கணக்கு கிடைக்கும். ஊசி விஷயத்தில் பொய் சொன்னால் ஆடு பொறுக்காது என்பது அவர் கட்சி.

நிலத்துக்காரரும் லேசுப்பட்டவரில்லை. கிடையைக் கொல்லையின் மேட்டுப் பக்கமே போடச் சொல்லுவார். மழை பெய்தால் சத்து பள்ளத்துக்குத் தானே இறங்கும் என்று கணக்கு. நடுச்சாமத்தில் ஆட்டை ஒருதரம் எழுப்பி இந்தப் பக்கம் நகர்த்திவிடுங்களேன் என்பார். ஒரு ராத்திரிக் கூலியில் இரண்டு ராத்திரி நிலம் நனையும் அல்லவா. கீதாரி "ஆகட்டும்" என்பார். எழுப்பமாட்டார். காலையில் "எழுப்புனீங்களா?" என்று கேட்டால், "ஆட்டைத்தான் கேக்கணும்" என்பார். கடைசியில் கூலி காசாகவோ நெல்லாகவோ படியும். ராத்திரிச் சோறு தனி.

கவனியுங்கள். தங்குகிறவர் காசு கொடுக்கவில்லை. தங்குவதற்கு இவர் காசு வாங்குகிறார்.

இதன் அருமை தெரிய உலகத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் அனுமதி கேட்காமல் கூடாரம் போடலாமா, கூடாதா என்று ஒரு வழக்கு. தங்கள் நிலத்தில் போடக்கூடாது என்று நிலத்துக்காரத் தம்பதியர் நீதிமன்றம் போனார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் கூடாது என்றது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் போடலாம் என்றார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போடலாம் என்று முடித்துவைத்தது. நம் ஊரில் இப்படி ஒரு வழக்கு வருமானால், அது கிடை போட்டதற்காக வராது. எனக்குச் சொல்லிவிட்டு அடுத்த கொல்லைக்காரனுக்கு முதலில் ஏன் போட்டாய் என்றுதான் வரும். ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்து நடுத்தெருவில் ஆண்டுதோறும் அக்டோபரில் செம்மறிக் கூட்டம் போகிறது. 1418-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மரவெதி என்ற பழங்காசை மேய்ப்பர்கள் நகராட்சிக்கு இன்றும் சம்பிரதாயமாகக் கட்டுகிறார்கள். இதைக் கீதாரியிடம் சொன்னால், "நாம கட்டணுமா? அவுகள்ல நமக்குக் கட்டணும்!" என்று மாட்ரிட் மேய்ப்பனுக்காக உண்மையாகவே வருந்துவார்.

பொழுது சாய்ந்ததும் வேலை தொடங்கும். குட்டியானையில் வந்த சாமான்கள் இறங்கும். வலையை விரித்து, முளையடித்து, ஆட்டை உள்ளே அடைப்பார்கள். இளங்குட்டிகள் கூடாப்புக்குள் போகும். சமையலுக்கு மூன்று கல். அடுப்புத் தீ ஒரு குழம்புச் சட்டிக்கு மேல் உயராது. சுற்றிலும் காய்ந்த தட்டை கிடக்கிற காலம். ஒரு பொறி பறந்தால் ஊரே திரண்டு வரும், ஐநூறு ஆட்டோடு எங்கே ஓடுவது? ஆகவே சோறு பொங்கியதும் தண்ணீர் தெளித்து, மண் போட்டு, அதன்மேல் செருப்புக் காலால் ஒருதரம் மிதிப்பார். தீயணைப்புத் துறை கூட இவ்வளவு சந்தேகப்படாது.

பிறகு வரப்போரம் கம்பளியை விரித்துப் படுப்பார். அவர் தூங்குகிறார் என்று யாரும் நம்பக்கூடாது. நரி வந்தால் நாய் குரைப்பதற்கு முன் இருமுவார். நாய்க்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

விடிந்ததும் குனிந்த தலை நிமிராமல் கொல்லையைச் சுற்றுவார். கேரி பேக், குர்குரே உறை, உடைந்த பாட்டில் சில்லு என்று பொறுக்குவார். சுற்றுச்சூழல் தினத்துக்கு உறுதிமொழி எடுத்தவரல்ல. பாலித்தீன் ஆட்டின் வயிற்றில் அடைத்துக்கொண்டால் ஆடு போய்விடும், சில்லு குளம்பில் ஏறினால் அன்றைய நடை போய்விடும். மோட்டார் கொட்டாய் ஓரம் ராத்திரி குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்த மகராசன்களை அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவர்கள் போட்ட குப்பையை அள்ளுகிற ஒரே விருந்தாளி இவர்தான் என்பதை மட்டும் எழுதலாம்.

வார இறுதிகளில் காரை என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு வகை விருந்தாளிகள் வருகிறார்கள். மழை அரித்து அரித்து வரிவரியாய் நிற்கும் களிமண் மேடுகள் அங்கே உண்டு. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் கல்லாகிக் கிடக்கின்றன. கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. ஆரஞ்சு நிறக் கூடாரத்தோடு வரும் தம்பிகள் நல்ல பிள்ளைகள்தான். வழியில் கீதாரியைக் கண்டால் வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார்கள்.

"தாத்தா, நாங்க தங்குன தடமே இருக்காது. அதுதான் எங்க பாலிசி."

கீதாரி கொஞ்சம் யோசிப்பார். "தடமே இல்லாட்டி மறுவருசம் எப்படித் தம்பி கூப்புடுவாக?"

தம்பிகள் சிரித்துவிட்டு, தாத்தாவோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு தம்பியின் பையில் நத்தை வடிவத்தில் ஒரு கல் இருக்கும். தடம் எதையும் விடாதவர், பத்துக் கோடி ஆண்டுத் தடம் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார். கீதாரி அந்தக் கல்லை எடுத்ததில்லை. ஆட்டுக்கும் அது உதவாது.

அவர் விட்டுச்செல்கிற தடத்துக்கு வேளாண்மைக் கையேடுகளில் கணக்கு இருக்கிறது. ஆட்டு எருவில் ஏறத்தாழ 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து. மாட்டுத் தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம் அளவுதான். எருவைக் குப்பைமேட்டிலிருந்து வண்டியில் அடித்தால் மூத்திரம் வந்து சேராது. கிடையில் அது நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம் என்று சம்சாரிகள் சும்மா சொல்லவில்லை. கிடை போட்ட கொல்லையில் அடுத்த வெங்காயம் திரண்டு வந்தால் நிலத்துக்காரர் அதைத் தன் கைராசி என்பார். திரளாவிட்டால் கீதாரி ஆட்டைக் குறைத்துக் கட்டிவிட்டார் என்பார்.

கீதாரியைச் சாமியாராக்க வேண்டாம். தொரட்டி கையில் இருக்கும்போது அடுத்தவர் வேலமரம் அவருக்குத் தன் மரமாகவே தெரியும். கேட்டால், "காத்துல ஒடிஞ்சது" என்பார். பகலில் அவர் போனில் பேசிக்கொண்டிருக்க, பத்து ஆடு உளுந்துக் கொல்லைக்குள் புகுந்து, புகுந்த வேகத்தில் மொட்டையடித்துவிடும். அப்போது ஐநூறு ஆட்டுக்காரர் நாற்பது ஆட்டுக்காரராகக் குறுகி, "வேற கெடை ஆடுங்க, நம்மளது அந்தப் பக்கமே போவாது" என்று சத்தியம் பண்ணுவார். பெரியவர்கள் கூடிப் பேசி, கடைசியில் ஒரு கிடாக்குட்டி கைமாறும். இந்தச் சின்ன அக்கிரமங்களையும் சேர்த்துத்தான் அவரை எனக்குப் பிடிக்கும். குற்றமே இல்லாத விருந்தாளியோடு என்ன பேசுவது?

கி. ராஜநாராயணன் 'கிடை' எழுதினார். சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்றே நாவல் எழுதினார். நம்மவர் இரண்டையும் படித்ததில்லை. படித்தால் முதல் கேள்வி, "உருப்படி எத்தனைன்னு போட்ருக்காக?" என்பதாகத்தான் இருக்கும்.

எல்லைகள் பற்றி அவருக்கு மரியாதை குறைவு, அதற்குக் காரணமும் உண்டு. பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது, 2002-இல் திரும்ப ஒட்டிக்கொண்டது, 2007-இல் மறுபடி பிரிந்தது. வலையை நாளுக்கொரு பக்கம் மாற்றிக் கட்டுகிற மாதிரி மாவட்டத்தையே மாற்றிக் கட்டினார்கள். அவருக்குத் தெரிந்த எல்லைகள் வேறு. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, வெங்காயம். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி. திருமானூர் தாண்டினால் கொள்ளிடத்து நெல் தாள். நடுவில் சுண்ணாம்புக்கல் குழிகளும், சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடும் லாரிகளும். போன வருசம் கிடை போட்ட கொல்லை இந்த வருசம் குழியாக இருக்கும், அல்லது மஞ்சள் கல் நட்டு ஏதோ ஒரு 'நகர்' ஆகியிருக்கும். அங்கே நின்று ஒரு நிமிடம் பார்ப்பார். "இங்கன ஒரு வேப்பமரம் நின்னுச்சே" என்பார். அவ்வளவுதான். ஆடு அதற்குள் அரை மைல் போயிருக்கும்.

ஊரோரத்தில் ஒரு ராத்திரி படுக்க ஆசைப்படுகிற தம்பிகளுக்கு என் யோசனை ஒன்றுதான். கூடாரம் வாங்குவதற்கு முன் ஒரு டீ வாங்குங்கள், கடையில் யாரைக் கேட்கவேண்டும் என்று கேளுங்கள், அவரைக் கேட்டுவிட்டுப் படுங்கள். பெரம்பலூர் – அரியலூர் சாலையில் மாசி பங்குனியில் காரில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கீதாரியின் கிடை குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருங்கள். ஐநூறு என்று அவர் சொன்னது கடைசி ஆடு போகும்போது முந்நூற்றெண்பதுக்கு மேல் தாண்டாது.