பட்டா எங்கலே பேராண்டி?

வாலே, வா. இப்படித் திண்ணையில உக்காரு. ரெண்டு நாளா உனக்குச் சோறு எறங்கலன்னு உங்கம்மை சொன்னா. ஏதோ காதல் வெவகாரமா இருக்கும்னு நானும் சந்தோசப்பட்டேன். கேட்டா, விக்கிப்பீடியாவுல நீ எழுதுனத எவனோ அழிச்சிட்டானாம். சவம், இதுக்கா மூஞ்சி சுண்டிக் கெடக்க?

நானும் பாத்தேன்லே. தலையாரி வேலையில அடங்கல் பொரட்டுன கை சும்மா கெடக்குமா? அந்தப் பக்கத்து மேல 'வரலாறு'ன்னு ஒண்ணு இருக்குல்லா, அதத் தட்டுனா நீ போட்டது, அவன் அழிச்சது, நீ திருப்பிப் போட்டது, நடுச்சாமத்துல நீ வஞ்சது, அம்புட்டும் தேதி நேரத்தோட வரிசையா கெடக்கு. நம்மூர்ல வஞ்சா மறுநா மறந்துருவானுவ. அங்க வஞ்சத உன் பேரப்பிள்ளையும் வாசிப்பான்.

மொத வரியே என்ன ஒரு வரி! 'உலகப் புகழ்பெற்ற எங்கள் ஊர்க் கோயில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது.' உலகப் புகழாம்லா! டவுன் பஸ் கண்டக்டருக்கே நம்ம ஸ்டாப்பு எதுன்னு தெரியாம தாண்டிப் போயிருதான். அடுத்த வரியில, அதக் கட்டுன ராசா நம்ம சாதிக்காரருன்னு ஒரு போடு. அந்த மனுசன் செத்த பொறவு எத்தன சாதிக்கு அவரு தாத்தாவாயிருக்காரு தெரியுமா? எல்லாப் பேரனும் அங்கன சண்டைக்கு நிக்கான். இந்த வம்பு தாங்காமத்தான் இங்கிலீசு விக்கிப்பீடியாவுல இந்தியச் சாதிப் பக்கங்களுக்குன்னே தனிக் கட்டுப்பாடு வச்சிருக்கானுவ.

நீ எழுதுனத அழிச்சானே, அவன் மொதல்ல அழிக்கக்கூட இல்ல. 'சான்று தேவை'ன்னு ஓரமா ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனான். நீ அதப் பிச்செறிஞ்சிட்டு, 'எங்க ஊரப் பத்தி எனக்குத் தெரியாதா'ன்னு எழுதி வச்ச. பொறவு அவன் அழிக்க, நீ போட, அவன் அழிக்க, நீ போட. ஒரே ஆளு 24 மணி நேரத்துல ஒரு பக்கத்த மூணு தடவைக்கு மேல திருப்பப்படாதுன்னு இங்கிலீசுல சட்டமே உண்டு. அதக் கண்டியா நீ? உன்ன ஒரு நாளைக்கு உள்ள விடாம கதவச் சாத்துனானுவ.

அப்பவாவது சும்மா இருந்தியா? 'கரிசல்சிங்கம்'ங்க உன் கணக்கு உள்ள வர முடியலன்ன உடனே 'கரிசல்புலி'ன்னு இன்னொண்ணு வந்துருச்சு. வந்து, 'சிங்கம் சொல்வதே சரி'ங்கு. ரெண்டு மிருகமும் அருள்பாலிக்கிறாருங்கதுக்கு 'அருள்பாளிக்கிறார்'னு ஒரே பிழை விட்டா எவன்லே நம்புவான்? இதுக்கு அங்க கைப்பாவைன்னு பேரு. வருசக்கணக்கா இதப் பிடிக்கதே வேலையா இருக்கவன்கிட்ட போயி வேசம் கட்டியிருக்க.

ஏழு தலமொறையா எங்க நெலம்னு ஒருத்தன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு தாலுகாபீசுக்கு வருவான். நெசமாத்தான் இருக்கும். தாசில்தாரு ஒண்ணே ஒண்ணு கேப்பாரு: பட்டா எங்க? விக்கிப்பீடியாவுலயும் அம்புட்டுத்தாம்லே. உனக்குத் தெரியுமாங்கது கேள்வியில்ல. எங்க அச்சுல இருக்குங்கதுதான் கேள்வி.

உனக்குன்னு இல்ல. அமெரிக்காவுல பிலிப் ராத்துன்னு ஒரு பெரிய எழுத்தாளரு. அவரோட 'தி ஹியூமன் ஸ்டெய்ன்' நாவல் அனடோல் பிராயார்டுங்கவரு வாழ்க்கைய வச்சு எழுதுனதா இருக்கலாம்னு விக்கிப்பீடியாவுல ஒரு வரி. 'அவரில்லப்பா, பிரின்ஸ்டன்ல வாத்தியாரா இருந்த என் சேக்காளி மெல்வின் டூமின், அவருக்கு நடந்ததுதான் வித்து'ன்னு இவரு சொல்லிவிட்டாரு. எழுதுனவரே சொல்லுதாரு! அவனுவ, 'உங்க பேச்சு மட்டும் காணாதுய்யா, வேற எங்கயாவது வந்திருக்கா'ன்னுட்டானுவ. மனுசன் கரிசல்புலியா மாறல. 2012 செப்டம்பர்ல 'நியூயார்க்கர்' பத்திரிகையோட இணையத்துல விக்கிப்பீடியாவுக்கே நீளமா ஒரு பகிரங்கக் கடிதம் எழுதுனாரு. அது வெளியாச்சா? இப்ப அதே ஒரு சான்று! அதக் காட்டிப் பக்கத்துலயும் சேத்தானுவ. கோவத்த எங்கன எறக்கணும்னு தெரிஞ்ச ஆளு.

சட்டம் பேசுதவனுவ எல்லாம் மகா புத்திசாலின்னும் நெனச்சிராத. தயிருக்கு இங்கிலீசுல 'யோகர்ட்'னு எழுதையில ஒரு 'எச்' உண்டா இல்லையான்னு வருசக்கணக்கா மல்லுக்கட்டி 2011-லதான் ஓஞ்சானுவ. டோனா ஸ்டிரிக்லண்டுன்னு ஒரு விஞ்ஞானியம்மா. 2018 மே மாசம் அவங்களப் பத்தி ஒருத்தர் எழுதிக் கொடுத்தத, சான்று போதலன்னு திருப்பிட்டானுவ. அக்டோபர்ல அந்தம்மாவுக்கு நோபல் பரிசு! அன்னைக்கி அந்தப் பக்கத்தத் திறந்து வைக்க என்ன ஓட்டம் ஓடியிருப்பானுவ, நெனச்சுப் பாரு.

அச்சுல வந்ததெல்லாம் நெசமுன்னும் இல்ல. தென்னமெரிக்காவுல கோஆட்டின்னு நீள மூக்கு மிருகம் ஒண்ணு இருக்கு. (நம்மூரு கோட்டி இல்லலே, உன்னச் சொல்லல.) 2008-ல ஒரு மாணவன் விளையாட்டுக்கு விக்கிப்பீடியாவுல, இதுக்குப் 'பிரேசில் ஆர்ட்வார்க்'னும் பேருன்னு எழுதிட்டுப் போயிட்டான். அதப் பாத்துப் பேப்பர்க்காரன் எழுத, புத்தகத்துல ஏற, பேப்பர்லயே வந்திருக்கேன்னு விக்கிப்பீடியா அதயே சான்றாக் காட்ட, ஆறு வருசம் ஓடிருச்சு.

எனக்கே ஒரு வருத்தம் உண்டு. நம்ம வள்ளி பாட்டிக்குத் தெரிஞ்ச பச்சிலை வைத்தியம் எந்தப் புத்தகத்துல இருக்கு? அவ சொன்னா சான்றாகாது. டவுன்லருந்து ஒருத்தன் வந்து அவகிட்ட கேட்டுப் புத்தகம் போட்டா ஆகும். இந்த நியாயத்தக் கேட்டு 2011-ல அச்சல் பிரபலான்னு ஒருத்தரு 'பீப்பிள் ஆர் நாலெட்ஜ்'னு படமே எடுத்தாரு, வாய்ச்சொல்லையும் சான்றா எடுத்தா என்னன்னு. வாசல் இன்னும் சரியாத் தொறக்கல. கேக்க வேண்டிய கேள்வி அது. அதப் போயிக் கேளு, நானும் கூட வாரேன். தமிழ் விக்கிப்பீடியாவுல கூடிப் பேசுத எடத்துக்கு 'ஆலமரத்தடி'ன்னே பேரு வச்சிருக்கான். அந்தத் தடியில நம்மளும் கொஞ்ச நேரம் உக்காரலாம்.

இப்ப கோயிலு. கருவறைச் சொவத்துல சுண்ணாம்பு பூசி மறச்சானே, அதுக்கு அடியில கல்வெட்டு இருக்கு. அந்தக் காலத்துலயே தொல்லியல்காரன் வந்து படி எடுத்திருந்தா, கல்வெட்டு ஆண்டறிக்கையில நம்ம ஊரு பேரு இருக்கும். பாளையங்கோட்டை நூலகத்துல கேளு. கெடச்சா வருசம், எண்ணு, பக்கம் எல்லாத்தையும் குறிச்சிட்டு வா. அதுல எண்ணூறு வருசம்னு இருந்தா எண்ணூறுன்னே எழுது. மிச்ச ஆயிரத்து எரநூறுக்கு அழப்படாது. மொதல்ல மணல்தொட்டின்னு அங்க பழகுததுக்கு ஒரு பக்கம் இருக்கு, அதுல எழுதிப் பழகு. வஞ்சியே, அந்த ஆளு பேச்சுப் பக்கத்துல போயி, 'இது சரியா வருமா'ன்னு கேளு. 'லே'ன்னு ஆரம்பிக்காத. அது எங்கயோ கொழும்புல இருக்க டீச்சரம்மாவாக்கூட இருக்கும்.

பொறவு, அந்தப் புலியக் கொண்டுபோயிக் காட்டுல விட்டுட்டு வா.