மூன்று வேளையும் முதலாளியும்

கேள்வி: யூதர்கள் தினமும் மூன்று வேளை பிரார்த்தனை செய்ய வேண்டுமாமே! பிறகு வேலை பார்ப்பது எப்போது?

பதில்: பயப்படாதீர்கள். மூன்றையும் கூட்டினாலும் ஒரு ராகுகாலத்துக்குள் அடங்கிவிடும்! காலையில் ஷகரித், சுமார் முக்கால் மணி நேரம். திங்களும் வியாழனும் தோரா என்ற வேதத்தின் வாசிப்பு உண்டு, கொஞ்சம் நீளும். பிற்பகலில் மின்ஹா, இரவில் மாரிவ். ஒவ்வொன்றும் கால் மணி நேரம். சொந்த வேலையில் கை வைக்கும் முன்பே காலைப் பிரார்த்தனை முடிய வேண்டும் என்பது விதி. அதனால் நியூயார்க் பக்கம் விடிந்தும் விடியாமலும் ஜெப ஆலயத்துக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கையிலும் நெற்றியிலும் தெஃபிலின் என்ற, வேத வசனம் அடங்கிய தோல் பெட்டிகளைக் கட்டி, பிரார்த்தனை முடித்து, அவற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு நேரே ரயிலைப் பிடிக்கிறார்கள்.

கேள்வி: சம்பளம் வாங்கிக்கொண்டு முதலாளியின் நேரத்தில் கடவுளைக் கும்பிடலாமா?

பதில்: அருமையான கேள்வி. இதைக் கேட்டவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை, தல்மூத் என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் ரபிகள், அதாவது மத ஆசான்கள், உங்களை முந்திக்கொண்டார்கள். மரத்தின் மேலோ கட்டுகிற சுவரின் மேலோ இருக்கும் கூலியாள், ஷெமா என்ற விசுவாச அறிக்கையை அங்கேயே சொல்லலாம் என்கிறது தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா. நின்றபடி சொல்லும் முக்கியப் பிரார்த்தனையான அமிடாவுக்கு மட்டும் கீழே இறங்க வேண்டும். ஒலிவ மரத்திலும் அத்தி மரத்திலும் இருப்பவருக்கு அந்தச் சிரமமும் இல்லை, கிளைகள் அடர்த்தி என்று ரபிகள் விட்டுவிட்டார்கள்! கூலிக்கு வேலை செய்பவர் அமிடாவின் பத்தொன்பது ஆசிகளையும் முழுதாகச் சொல்லாமல் சுருக்கிச் சொல்லலாம். சாப்பாட்டுக்குப் பிந்திய நன்றியையும் சுருக்கலாம். கடவுளுக்கான சொற்களைக் குறைத்தாவது முதலாளியின் நேரத்தைக் காப்பாற்று என்று ஒரு மதச் சட்டமே சொல்வதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

தல்மூத்தில் வரும் அப்பா ஹில்கியா என்பவரின் கதை தெரியுமா? மழை இல்லாத காலத்தில், அவர் பிரார்த்தித்தால் மழை வரும் என்று இரண்டு அறிஞர்கள் தேடிப் போனார்கள். அவர் வயலில் கொத்திக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார்கள்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிற்பாடு காரணம் சொன்னார்: நான் தினக்கூலி, நடுவில் வேலையை நிறுத்துவது சரியில்லை என்று நினைத்தேன். அந்தக் காரணத்தைச் சொல்லும் முன்பே அவரும் மனைவியும் மாடியில் ஆளுக்கொரு மூலையில் நின்று பிரார்த்தித்தார்கள். முதல் மேகம் மனைவி நின்ற பக்கமிருந்து வந்தது.

1565-இல் அச்சேறிய ‘ஷுல்கான் அருக்’ என்ற யூதச் சட்ட நூல் இன்னொரு படி போகிறது. இக்காலத்து முதலாளிகள் இதையெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை, தொழிலாளி முழுதாகப் பிரார்த்திப்பான் என்று தெரிந்தேதான் வேலைக்கு வைக்கிறார்கள், ஆகவே முழுதாகவே சொல் என்கிறது.

கேள்வி: கணக்குப் பார்க்கும் மேலதிகாரி அமைந்தால்?

பதில்: அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் துணைக்கு வரும். ஊழியரின் மத நடைமுறைக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும். முடியாது என்று சொல்ல விரும்பும் நிறுவனம், தனக்குப் பெரும் சுமை ஏற்படும் என்று காட்டியாக வேண்டும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கிறிஸ்தவ அஞ்சல் ஊழியர். பலன் எல்லா மதத்தாருக்கும்.

கேள்வி: கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டுமாமே? அலுவலகத்தில் எங்கே போய்த் தேடுவது?

பதில்: அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். வைதீகப் பிரிவினர் ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். மன்ஹாட்டனில் வைர வியாபாரம் நடக்கும் 47-ஆம் தெருவில் பத்துப் பேர் சேர்வது பெரிய காரியமே இல்லை. மற்ற இடங்களில் ஒரு காலி அறையும், மதியம் சரியாக வந்து நிற்கும் பத்து நல்லவர்களும் வேண்டும். ஆள் சேராவிட்டால் தனியாகவே பிரார்த்திக்கலாம், காதிஷ் என்ற துதி போன்ற சில பகுதிகளை மட்டும் விட்டுவிட வேண்டும். பெற்றோரை இழந்தவர் பதினோரு மாதம் காதிஷ் சொல்வது வழக்கம். அதனால் பத்தாவது ஆளாக வந்து நிற்பவர் செய்யும் உதவி சாதாரணமானதல்ல.

கேள்வி: வேலை மும்முரத்தில் நேரம் தவறிவிட்டால்?

பதில்: அடுத்த வேளையில் அமிடாவை இரண்டு முறை சொல்ல வேண்டும், முதலில் அந்த வேளைக்கு உரியது, பிறகு விட்டுப்போனது. வேண்டுமென்றே விட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் ‘இந்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று நம்பி உட்கார்ந்து நேரத்தைக் கோட்டைவிட்டவருக்கு உண்டு! நஷ்டம் வராமல் தடுக்கப் போராடிக்கொண்டிருந்தவருக்கும் உண்டு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கடைத்தெருவை நன்றாகத் தெரிந்தவர்கள்.

கேள்வி: மேசைப் பக்கத்தில் நின்று முணுமுணுத்தால் சக ஊழியர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: உதடு மட்டும் அசைய, குரல் வெளியே கேட்காமல் பிரார்த்திக்கும் முறையை ரபிகள் பைபிளில் வரும் அன்னாளிடமிருந்து கற்றார்கள். அவளைப் பார்த்த ஆசாரியர் ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தார். பிறகு உண்மை தெரிந்து வாழ்த்தி அனுப்பினார். உங்கள் பக்கத்து மேசைக்காரரும் அப்படியே செய்வார் என்று நம்புவோம்.

கேள்வி: மூன்றில் எது கஷ்டம்?

பதில்: சந்தேகமே வேண்டாம், மின்ஹாதான். காலையும் இரவும் நம் கையில் இருக்கின்றன. மின்ஹா வேலைநேரத்தின் நட்டநடுவில் வந்து நிற்கிறது. உச்சிப்பொழுது கழிந்து அரை மணிக்குப் பிறகு தொடங்கி சூரியன் மறைவதற்குள் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குப் போயும் சொல்லலாம். டிசம்பரில் நாலரைக்கே சூரியன் போய்விடும். லண்டனில் நாலு மணிகூட ஆகாது. எலியா தீர்க்கதரிசியின் பிரார்த்தனைக்குப் பதில் கிடைத்ததே மின்ஹா வேளையில்தான், அதில் கவனமாக இரு என்கிறது தல்மூத். கணினியையும் கூட்டத்தையும் விட்டு எழுந்து போய்ச் சொல்கிற அந்தக் கால் மணி நேரத்துக்கே என் மரியாதை முழுவதும். வெளிநாட்டில் யூத சக ஊழியரோடு வேலை பார்க்கும் அன்பர்களே, குளிர்காலத்தில் மூன்றரை மணிக்குக் கூட்டம் வைக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.