முருகனும் மஞ்சுநாதனும் ஒருவரே

பெறுநர்:
தரவுத்தள நிர்வாகி அவர்கள்,
(நிறுவனத்தின் பெயர் நாகரிகம் கருதி விடப்படுகிறது)
எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு.

பொருள்: சமத்துவத்தை நிலைநாட்டியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்கள் படிவத்தில் ‘தாய்மொழியில் பெயர்’ என்ற கட்டத்தில் முருகன் என்று நிரப்பினேன். ரசீதில் ‘???????’ என்று வந்தது. எண்ணிக்கையில் பிழையில்லை. நமக்கு நாலெழுத்துதான், யூனிகோடுக்கு ம, உகரக்குறி, ர, மறுபடி உகரக்குறி, க, ன, புள்ளி என்று ஏழு. கன்னடத்தில் மஞ்சுநாத என்று எழுதினாலும் அதே ஏழுதான். ஆக, தர்மஸ்தலத்து அப்பனும் பழனியாண்டிப் பிள்ளையும் தங்கள் பதிவேட்டில் ஒரே ஆசாமி. ஆதிசங்கரர் பாரதமெங்கும் நடந்து சொன்னதைத் தாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே சாதித்துவிட்டீர்கள். காவிரியில் சேராத இரு மொழிகளும் கேள்விக்குறியில் சேர்ந்தது கொசுறு.

நானும் இதே ஊரில் கோடிங் எழுதிப் பிழைப்பவன்தான். ரசீதைப் பார்த்ததுமே நோய் பிடிபட்டது: பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், தமிழறியாத லத்தீன்1 அட்டவணை. அந்த மென்பொருள் ஸ்வீடனில் பிறந்தது. அதனால் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துகளை லத்தீன்1-இல் வைத்து, ஸ்வீடிஷ் அகரவரிசையில்தான் அடுக்கும். அது அவர்கள் ஊர் வழக்கம், போகட்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது. ஸ்டாக்ஹோம் மரபைத் தாங்கள்தான் இன்னும் காத்துவருகிறீர்கள்.

இதில் தங்கள் கைவண்ணமும் இருக்கிறது. தனக்குப் புரியாத எழுத்து வந்தால் பிழை என்று கத்தி மறுக்கும் கறார் முறை அந்தத் தரவுத்தளத்தில் உண்டு. சத்தம் பிடிக்காமல் யாரோ அதை அணைத்திருக்கிறார்கள்.

குப்பையாகத் தெரிந்திருந்தாலாவது பரவாயில்லை. யூடிஎஃப்-8 தமிழை லத்தீனாகப் படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆரு’மாக, யாரோ தமிழுக்கே டிரேட்மார்க் வாங்கியதுபோல் வரிசைகட்டும். பார்க்கச் சகிக்காது, ஆனால் பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மீட்டுவிடலாம். ‘நுடி’யில் அடித்த பழைய கன்னடக் கோப்பும், டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் கிடக்கும் தமிழ்க் கோப்பும் அப்படித்தான், மாற்றி ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்ளும். தங்கள் வட்டில் இருப்பதோ கேள்விக்குறிக்கான 63 என்ற எண் ஏழு தடவை. அதிலிருந்து முருகனைத் தோண்டியெடுக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது.

எனவே அட்டவணை, பத்தி, இணைப்பு மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு, வாடிக்கையாளர்களிடம் பெயர்களை மறுபடி கேட்டு வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெறும் ‘யூடிஎஃப்8’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அதில் மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாது. தமிழெழுத்துக்கு அது போதும். ஆனால் 2019-இல் யூனிகோடில் ஏறிய நம் பின்னக் குறிகளான மாகாணிக்கும் முந்திரிக்கும் நான்கு வேண்டும்.

இப்படிக்கு,
???????

பி.கு.: ரூபாய்க் குறியும் லத்தீன்1-இல் கிடையாது. ரசீதில் கட்டணம் ‘? 1,180’ என்று அச்சாகியிருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எடுத்திருக்கிறீர்கள்.