விவரம் கூடுனா ஆளு ஓடுவான்

ஏலே தம்பி, பொட்டி கனத்தா ஆட்டமும் கனக்கும்னு உனக்கு எவன் சொன்னான்? எத்தன ஸ்டாரு, எத்தன மார்க்குன்னு போனைத் தடவுறத விடு. பலகைய விரி. ஆடிப் பாக்காம தரம் தெரியுமா?

ஆட்டத்துப் பேரு என்ன, யூஃபோரியாவா? 2013ல ஜேமி ஸ்டெக்மையரும் ஆலன் ஸ்டோனும் பண்ணுனதாம். நாசமாப் போன ஒரு வருங்கால ஊரு. அங்க நீ பெரிய மனுசன். இங்க கொல்கத்தா லேக் மார்க்கெட்டு வாடகை வீட்டுல ஆணி அடிக்கவே ஓனரக் கேக்கணும்!

பகடைதான் கூலியாளு. எடம் பாத்து நிறுத்தணும், வாறத வாங்கணும், 10 நட்சத்திரத்த முதல்ல வச்சவன் ஜெயிச்சான். இதுல என்ன அதிசயம்?

ஆனா ஒரு விதி இருக்கு பாரு, அங்கதான் வெவரம். பகடைப் புள்ளிதான் ஆளோட அறிவு. கையில இருக்க அம்புட்டுப் பேரு அறிவும், பலகைல ஏறுன அறிவும் கூடி 16ஓ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா, அதிகம் தெரிஞ்சவன் ஓடியே போயிருவான். 'இவனுக்கு நாம ஏன் ஒழைக்கணும்'னு புரிஞ்சிரும்லா! சோறு போட்டுத் திரும்பக் கூப்பிட்டா மனசு குளிருவான், சும்மா கூப்பிட்டா சுண்டிப் போவான். இதச் சொல்ல வருங்காலம் எதுக்குடே? 34 வருசம் செங்கொடி ஆண்ட ஊரு இது. இங்க விவரம் தெரிஞ்ச தொழிலாளி ஓடல. மில்லு கேட்டுல கொடிய நட்டு உக்காந்தான்.

இன்னொண்ணு. சில எடத்துல உன் ஆள நான் தள்ளிவிட்டா, அவன் செலவில்லாம உன்கிட்டயே வந்திருவான். கெடுக்க வந்தவன் கொடுத்துட்டுப் போறான்! நல்லாருக்குல்லா?

விஞ்ஞானக் கதைக்கு இம்புட்டுக் குறும்பு போதும். இந்த ஊரு ஜகதீச சந்திர போஸு 1896லயே எழுதுனாரு: தலைக்குத் தேய்க்கிற எண்ணெயக் கடல்ல ஊத்திப் புயல அடக்குற கதை. அவருக்கு ஒரு குப்பி போதும். உனக்கு ஒரு மூட்டைச் சாமான் வேணுமோ?

சாயங்காலம் தெருமுக்குல கேரம் ஆடுற பயல்களப் பாரு. விதி ரெண்டு வரி, சத்தம் ரெண்டு தெருவு. உன் ஆட்டத்துல ஆளு ஓடிப்போனவன் மொகம் சிவக்குதா, மத்தவன் சிரிக்கானா, மறுவாரம் கூப்பிடாமலே வாறானா? அப்ப அது தேறும்.

விதிப் புத்தகத்த மட்டும் எனக்கு வாசிச்சுக் காட்டாத. எனக்கு இப்பமே அறிவு 15. இன்னொண்ணு ஏறிச்சுன்னா ஹௌராவுல ரயிலேறிருவேன்.