வாசலில் பிறக்கும் வழக்கு

கேள்வி: ஒரு விவகாரம் வழக்காக முற்றுமுன், அது சட்டப் பிரச்சினை என்று நிர்வாகி அறிவது எவ்வாறு?
— தொழிற்கூட நிர்வாகி ஒருவர், கெலமங்கலம்

பதில்: வழக்கு நீதிமன்றத்தில் பிறப்பதன்று; பக்கத்து வயற்காரர் நம் வாசலுக்கு வந்து சொல்லும் முதற்புகாரிலேயே அது கருக்கொண்டுவிடுகிறது. பாலாற்றுப் பிரதேசத்துத் தோல் ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரியாமல் விட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆகையால், புகாரை அன்றே எழுத்தில் பதிந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி நிபந்தனைகளோடு ஒப்பிட்டு, நோட்டீசு வருமுன்னரே வக்கீலைக் கலந்து குறையைத் திருத்துங்கள்; முன்னதாகப் போகிறவருக்கு வக்கீல் வைத்தியர், பின்னதாகப் போகிறவருக்கோ அவர் ரணசிகிச்சைக்காரர்.