அவுகளும் வில்மாவும்

என் பாட்டி கடைசிவரை தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் என்னை முழங்கையால் இடித்து, "நீ சொல்லுடி" என்பாள். "அவுக வந்தாக, அவுக சாப்பிட்டாக" என்றே ஆயுளை ஓட்டிவிட்டாள். நான் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் என் கணினிக்குள் பல வருஷம் குடியிருந்த இயங்குதளத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். மரியாதை காரணமில்லை. நான் தட்டுவதையெல்லாம் அவுக படித்துக்கொண்டிருப்பாகளோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

நான் மொழிபெயர்ப்பு செய்து பிழைப்பவள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் காபியும் கையுமாகக் கணினியைத் திறந்தால், திரை முழுக்க நீலமாக விரித்துக்கொண்டு அவுக கேப்பாக: "உங்கள் கணினியை அமைத்து முடிப்போமா?" வாங்கி எத்தனையோ வருஷமான கணினி. அதில் இன்னும் அமைக்க என்ன பாக்கி? கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, தொடர்க. இன்னொன்று, மூன்று நாள் கழித்து நினைவூட்டு. "வேண்டாம்" என்ற பொத்தான் அந்த வம்சத்திலேயே கிடையாது.

வேறொரு உலாவியை இறக்கிக்கொள்ளலாம் என்று அவுக கொடுத்த உலாவியில் தேடினால் முகம் வாடிவிடும். "எங்களிடமே எல்லாம் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?" என்று குறுக்கே ஒரு பலகை வந்து நிற்கும். தொடக்கப் பட்டியலைத் திறந்தால் நான் கேட்காத விளையாட்டுக்கு விளம்பரம். பூட்டிய திரையில் ஏதோ ஓர் ஊர் ஏரியின் படம், பக்கத்திலேயே "இது பிடித்திருக்கிறதா?" என்ற கேள்வி. காலை ஆறு மணிக்கு எனக்கு எந்த ஏரியும் பிடிக்காது.

அதைவிடக் கோப்பு விவகாரம்தான் பெரிது. முகப்புத் திரையில் நான் வைத்த கோப்புகளை, நான் எந்தப் பொத்தானை அழுத்திச் சம்மதித்தேனோ தெரியாது, அவுக தன் மேகக் கிடங்குக்கு நகர்த்திவிட்டாக. கிடங்கில் இலவசம் 5 ஜிபி. என் அக்கா மகளின் வளைகாப்பு வீடியோ ஒன்றே அதை விழுங்கிவிடும். அப்புறம் தினமும் சிவப்பு எழுத்தில், இடம் தீர்ந்துவிட்டது, மாதச் சந்தா கட்டுங்கள் என்று அறிவிப்பு. என் கோப்பு, என் வட்டு, என் கரண்ட் பில். எடுத்துக்கொண்டு போனது அவுக. இடமில்லை என்று காசு கேட்பதும் அவுக.

புதுப்பித்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்வாரியம்கூட மாதாந்திரப் பராமரிப்புக்கு முதல் நாளே பேப்பரில் போட்டுவிட்டுத்தான் கரண்டை நிறுத்துகிறது. அவுக அப்படியில்லை. பதிப்பாளர் வாசலில் நிற்காத குறையாகப் போன் செய்துகொண்டிருக்கும் ராத்திரியில்தான், "புதுப்பிக்கிறோம், அணைத்துவிடாதீர்கள்" என்று உட்கார்ந்துவிடுவாக. 27 சதவீதத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

என் ஜாதகம்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். விசாரித்தால் ஊர் உலகம் முழுக்க இதே கதை. 2016இல் அமெரிக்காவின் டெ மோயின் நகரத்துத் தொலைக்காட்சியில் நேரலையாக மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேகப் படத்தின் குறுக்கே, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்ற பெட்டி வந்து உட்கார்ந்தது. அதே வருஷம் அந்தப் பெட்டியின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால்கூட, குறித்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். உலகத்தில் பெருக்கல் குறிக்கு "சரி" என்று பொருள் கொண்ட ஒரே வீடு அதுதான். கலிபோர்னியாவில் பயண ஏற்பாடு செய்துதரும் ஒரு பெண்மணி, கேட்காமல் வந்திறங்கிய புதுப் பதிப்பால் தொழிலே நின்றுபோயிற்று என்று சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் 10,000 டாலர் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கேசரி கிண்டினேன்.

2024 மே மாதம் அவுக இன்னொன்று அறிவித்தாக. நாம் திரையில் பார்ப்பதையெல்லாம் சில விநாடிக்கு ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தேடினால் எடுத்துக் கொடுப்பாகளாம். நமக்கு உதவிதானாம். எதிர்ப்பு கிளம்பியதும், விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்றாக. பிறகு தள்ளிவைத்தாக. போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14க்குப் பிறகு என் பதிப்புக்குப் பாதுகாப்பு ஒட்டுகள் வராது என்றும், அடுத்த பதிப்பில் ஏற என் கணினிக்குள் டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும் என்றும் செய்தி வந்தது. என் கணினியில் அது இல்லை. நன்றாக ஓடுகிற வண்டிதான். ஆனால் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்துக் கழித்துவிட்டார்கள்.

தீபாவளி லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி, லினக்ஸ் போட்டுக்கோங்க" என்றான். லினக்ஸ் என்ற பெயர் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியைத் திறந்தாலே, யாரிடம் போகிறீர்கள் என்று கேட்கும். ஒன்று அவுக. இன்னொன்று 'பாஸ்'. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய லினக்ஸ் அது. வாசலிலேயே பாஸ் கைகட்டி நின்றும் எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை.

எந்த லினக்ஸ் என்று கேட்டதுதான் தாமதம், பையன் ஒரு மணி நேரம் பேசினான். உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட். அவன் வைத்திருப்பது ஆர்ச். அதை நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும்படி அவனால் சொல்ல முடியும். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன் பொழுதுபோக்காக ஆரம்பித்தது என்றான். "அப்போ உன் வயசுதான். நீ என்ன ஆரம்பிச்சிருக்க?" என்றதும் பேச்சை டெபியனுக்கு மாற்றிவிட்டான். 1993இல் இயன் மர்டாக் என்பவர் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து அதற்குப் பெயர் சூட்டினாராம். பாட்டி கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடியிருப்பாள்.

கடைசியில் எனக்கு ஒத்துவரும் என்று அவன் தீர்ப்புச் சொன்னது மின்ட். உபுண்டுவின் மேல் கட்டியது. உபுண்டு டெபியனின் மேல் கட்டியது. ஒவ்வொரு பதிப்புக்கும் பெண் பெயர் வைப்பார்களாம். 2006இல் வந்த முதல் பதிப்பு ஆடா. அவன் பென் டிரைவில் இருந்த 22ஆம் பதிப்பு வில்மா. "முதல்ல பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க சித்தி. பிடிக்கலைன்னா உருவிடலாம். உள்ள ஒண்ணும் அழியாது." அவுக பெண் பார்க்க வந்தபோது இப்படியெல்லாம் ஒரு வசதி கொடுக்கவில்லை. பிடித்தது. கோப்புகளை வெளி வட்டில் பத்திரப்படுத்திவிட்டு, காபி குடித்து முடிப்பதற்குள் வில்மாவைக் குடியேற்றிவிட்டான்.

வில்மா இந்த ஊர்ப் பெண்ணில்லை என்பது மறுநாளே தெரிந்தது. வைஃபை வரவில்லை. மொபைலைக் கேபிளில் மாட்டி, அதன் வழியாக நெட் வாங்கி, அதில் வைஃபைக்கான டிரைவரை இறக்கினோம். தமிழ்99 விசைப்பலகை சேர்ப்பது சுலபமாக இருந்தது. ஐபஸ் என்று ஒன்று போட்டதும் விரல்கள் பழைய தடத்திலேயே ஓடின.

பிரிண்டரில்தான் மாட்டினோம். எந்த ஊர் ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ஒரு லேசர் பிரிண்டர் இருக்குமே, குட்டையாக, வெள்ளையாக, அதே ஜாதி. பையன் கறுப்புத் திரையைத் திறந்து என்னென்னவோ தட்டினான். பிரிண்டர் ஒருமுறை கனைத்தது. பிறகு ஒரு வெள்ளைத்தாளைப் பத்திரமாக வெள்ளையாகவே வெளியே தள்ளியது. "உலகத்துலேயே வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்லயும் லினக்ஸ்தான் சித்தி ஓடுது. 2017லருந்து ஒண்ணுவிடாம!" என்றான் வியர்வையைத் துடைத்தபடி. அந்த 500 பேரும் ஆதார் நகலை எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. இப்போது பிடிஎஃபை மொபைலில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். அங்கே அதே பிரிண்டர், அதே அவுக. தாளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு முகம் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

அச்சகக்காரர் வேறு, "அக்கா, பேஜ்மேக்கர்ல கொடுங்க" என்று விடாப்பிடியாக நின்றார். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதற்குப் பிறகு பிறந்தவன்தான் என் கணினியில் லினக்ஸ் ஏற்றியிருக்கிறான். தமிழ் அச்சுத் தொழில் மட்டும் அந்த வருஷத்தை விட்டு நகர மறுக்கிறது. இதில் வில்மாவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. யூனிகோடில் அனுப்பிவிடுகிறேன். அவர் முனகிக்கொண்டே மாற்றிக்கொள்கிறார். மாற்றும்போது ஒற்றெழுத்துகள் சில சாகின்றன, அவை முன்பும் செத்துக்கொண்டுதான் இருந்தன.

மற்றபடி வில்மா குணத்தில் தங்கம். புதுப்பிப்பு இருந்தால் கீழ் மூலையில் சின்னக் கேடயத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். நான் பார்த்தால் பார்க்கலாம், பார்க்காவிட்டால் அடுத்த வாரம். விளம்பரம் இல்லை, ஏரி இல்லை, மூன்று நாள் கெடு இல்லை. முதல் வாரத்தில் திடீர் திடீரென்று மூலையில் கண் போகும், யாரோ எதையோ கேட்டுவிட்டாற்போல. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்டோபர் கெடு முடிந்த கையோடு, அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தன் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். அவருக்கும் சில்லு இல்லை. பையனுக்கு வீடியோ கால் போட்டு, அவன் சொல்லச் சொல்ல நானே வில்மாவை ஏற்றிக் கொடுத்தேன். சாருக்குப் பிரிண்டர் கிடையாது. பேரனோடு பேசவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பழைய பாட்டு கேட்கவும்தான் கணினி. எல்லாம் ஓடியது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அதே துணிப்பையோடு மறுபடியும் வாசலில் நின்றார்.

"ஏம்மா, ரிப்பேர்னு நினைக்கிறேன். ஆன் பண்ணா பேசாம வேலை செய்யுது. ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே?"