மேரி பிஸ்கட் தருமம்

மாப்ள, நான் ஊர்லருந்து வந்து பதினோரு நாளாச்சு. பதினோரு நாளும் காலையில காப்பித் தம்ளரோட பின்கட்டுல உக்காந்து உன் தருமகாரியத்தைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கல்கத்தாவுல, அதுவும் லேக் மார்க்கெட்டுப் பக்கத்துல, பின்னால நாலு முழம் மண்ணோட ஒரு வீடு அமையது பெரிய கொடுப்பினை. அந்த நாலு முழத்துக்கும் சிமெண்டு பூசி, மேல பச்சைப் பிளாஸ்டிக் புல்லு விரிச்சு, அதுல நின்னுக்கிட்டு “சிட்டுக்குருவியே வரமாட்டேங்குது மாமா”ன்னு கேட்ட பாரு, அந்த அறிவு எங்கக்கா வழி இல்ல. உங்கப்பா வழி.

குருவி வரல, புறா வருதே! ஒரு மேரி பிஸ்கட்டுக்கு ஒண்ணு வந்துச்சு. அது போயி சாதிசனம் பூராவையும் கூட்டியாந்துட்டு. நீ போனைத் தூக்கிப் போட்டோ எடுக்கே, மாடிவீட்டு தாதா எச்சம் விழுந்த வேட்டியைத் தூக்கிக்கிட்டு வாராரு. எச்சம் காஞ்சு தூசாப் பறந்தா நெஞ்சுக்குள்ள போயி மூச்சைப் பிடிக்கும். பம்பாயில 2025ல புறாவுக்குத் தீனி போடுத இடங்களை மூடுத சங்கதி கோர்ட்டு வரைக்கும் போச்சு. கோர்ட்டு ஏறுன பேரும் உனக்குக் கிடைக்கட்டும்.

அமாவாசைக்குக் காக்காய்க்கு என்ன வச்சே? மிச்சம் கிடந்த உருளைக்கிழங்கு சிப்ஸு. எங்கப்பனுக்கு உயிரோட இருக்கையிலயே ரத்தக்கொதிப்பு. செத்தும் அவருக்கு உப்பைத் தின்னக் குடுக்கியே, உன்னை மாதிரி பேரன் யாருக்கு வாய்ப்பான்?

இந்த ஊரு பறவைக்கு மரியாதை பண்ணாத ஊரு இல்ல மாப்ள. ஹர்கிலான்னு ஒரு பெருநாரை. ஆள் மார்பளவுக்கு மேல உயரம், மொட்டைத் தலை, கழுத்துல பை. எலும்பு முழுங்கின்னு அர்த்தமாம். நூத்தம்பது வருசத்துக்கு முந்தி கவர்னர் மாளிகை உச்சியில ரிட்டயர் ஆன பெரிய ஆபீசர் கணக்கா நிக்குமாம். தெருக் குப்பையையும் கழிவையும் தின்னு ஊரைச் சுத்தமா வச்சிருந்ததால அதைக் கொன்னா 50 ரூவா அபராதம். அந்தக் காலத்து 50 ரூவா! 1896ல கார்ப்பரேஷன் முத்திரையிலயே ரெண்டு ஹர்கிலாவை நிறுத்திட்டாங்க. முத்திரையைக் கொத்தித் தின்ன முடியுமா? தீனியும் கூடு கட்ட மரமும் போச்சு, அதுவும் போயிட்டு. பாக்கணும்னா இப்ப அஸ்ஸாமுக்கோ பாகல்பூருக்கோ ரயிலேறணும்.

நீ சத்யஜித் ராய் படம்னா சோறு தண்ணி இல்லாம பாப்பியே, அவரு தாத்தா உபேந்திரகிஷோர் 1910ல ‘டுன்டுனிர் போய்’னு பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புஸ்தகம் போட்டாரு. டுன்டுனின்னா நம்ம தையல்சிட்டு. கதையில அது கூடு கட்டினது எங்கே? வீட்டுக்குப் பின்னால நின்ன ஒரு கத்திரிச் செடியில. மாளிகை கேக்கல, ரெண்டு இலை கேட்டுச்சு, தைச்சுக்கிடும். உன் பிளாஸ்டிக் புல்லுல அது எதைத் தைக்கும்?

புழுவும் கேக்கும். சிட்டுக்குருவி தானியந்தான் தின்னும்னு நெனைக்காத, குஞ்சுக்கு ஊட்டது பூச்சியும் புழுவும். நீ வாரத்துக்கு ஒருக்கா மருந்தடிச்சு அதோட பால் புட்டியை உடைச்சுட்டு, வாசல்ல பிஸ்கட் நீட்டுத.

தண்ணி வச்சது நல்ல காரியம், ஒத்துக்கிடுதேன். ஆனா போன செவ்வாய்க்கிழமை வச்ச தண்ணி இன்னும் அப்படியே கிடக்கு. உள்ள நெளியுதது குருவிக்கு விருந்துன்னு வச்சுக்கிட்டாலும், ஒரு வாரத்துல அது டெங்கு கொசுவாப் பறந்து முதல்ல உன்னைத்தான் விசாரிக்கும். கார்ப்பரேஷன்காரன் வந்து சட்டியை எட்டிப் பாத்தா நானும் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிருவேன்.

ஞாயித்துக்கிழமை காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போயி முனியாக் குருவி வாங்கி விடுதலை பண்ணப் போறியாமே? நீ பத்தை விட்டா, பிடிக்கிறவன் இருபதுக்கு வலை விரிப்பான். நம்ம நாட்டுக் காட்டுப் பறவையைப் பிடிச்சு வித்தா 1972 சட்டப்படி குத்தம், புண்ணியக் கணக்குல கழியாது. அந்தக் காசுக்கு நரேந்திரபூருக்கு டிக்கெட் எடு. சிற்பி சிந்தாமணி கர் பேருல இருக்க அந்தச் சரணாலயம் ஒரு காலத்துல வெறும் மாந்தோப்பு, பலாத்தோப்பு. இன்னைக்கும் அங்க ஒருத்தனும் பிஸ்கட் போடல, பறவை குடியிருக்கு.

உனக்குப் பெரிய வேலை ஒண்ணும் சொல்லல. கொல்லையில பாதிச் சிமெண்டைக் கொத்தி எடு, ரெண்டு கத்திரி நடு, சருகைக் கூட்டாத. இங்க சரான்னு விக்க மண்மூடி ஒண்ணு வாங்கி, ரெண்டு விரக்கடை தண்ணி ஊத்தி, நடுவுல கல்லு வச்சு, தினம் தேய்ச்சுக் கவுத்து மாத்து. பூனை பதுங்குத செடிக்குப் பக்கத்துல வைக்காத. ஒரு கை தினை போதும், கடையில ‘காவுன்’னு கேளு. புறாக்கூட்டம் கூடினா அதையும் நிறுத்திரு. கனிஞ்ச பப்பாளி இருந்தா கொண்டைக்குருவிக்கு ஒரு கீத்து.

கடப்பாரை கேட்டு மாடிக்குப் போகாத, தாதா இன்னும் கோவத்துலதான் இருக்காரு. எதுத்த வீட்டுல கொத்து வேலை நடக்கு, நான் பேசி வச்சிருக்கேன். மிச்ச பிஸ்கட்டைக் கொண்டா, காப்பி ஆறுது.